வெட்சி உருண்டையாக நிற்க: கத்தரிக்கோல் எடுக்கும் முன் மண்ணைப் பாருங்கள்

வெயில் நன்றாக அடிக்கும், கடுங்குளிர் இல்லாத இடத்தில், வீட்டு முகப்பில் வருடம் முழுக்கப் பச்சையாக உருண்டு திரண்டு நிற்கும் புதர் எது என்று கேட்டால் வெட்சியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இட்லிப்பூ என்றால் பலருக்கு இன்னும் சுலபமாகப் பிடிபடும். காபியும் நுணாவும் இருக்கும் அதே குடும்பம். தென்னிந்தியாவும் இலங்கையும் தாய்மண் என்றாலும் இன்று வெப்பமண்டலத் தோட்டங்களில் இது இல்லாத இடம் குறைவு. தூரிலிருந்தே நெருக்கமாகக் கிளைப்பதால், யாரும் தொடாமல் விட்டால்கூட இது குவிந்த வடிவத்துக்குத்தான் வரும்.

ஆனால் வீடுகளில் பார்ப்பது பெரும்பாலும் வேறு. கீழே இரண்டடிக்கு மொட்டைக் குச்சி, மேலே நாலு விரல் கனத்துக்குப் பச்சை, அதிலும் பாதி இலை மஞ்சள், பூ எப்போதாவது ஒரு கொத்து. உடனே வரும் கேள்வி, "என்ன உரம் போடலாம்?" அநேகமாக அங்கே குறை உரத்தில் இல்லை. மண்ணிலோ தண்ணீரிலோ சுண்ணாம்பு மிகுதி, கூடவே ஓயாத கத்தரி. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் எத்தனை மூட்டை உரம் கொட்டினாலும் செடி திரும்பாது.

எந்த வெட்சி

கவாத்து, அதாவது கிளைகளை வெட்டி வடிவம் பிடிக்கும் வேலையில் பாதி, நர்சரியில் செடியைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிந்துவிடும். ஜன்னலுக்குக் கீழே இரண்டரை அடி உயரம்தான் இடம் என்றால், அங்கே எட்டடி போகும் வகையை நட்டு ஆயுள் முழுக்க அதோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

சிவப்புப் பூ பூக்கும் நாட்டு வெட்சி, வெட்டாமல் விட்டால் 8 அடியைத் தாண்டும். 4 முதல் 5 அடியில் உருண்டையாக வைத்துக்கொள்ளத் தோதானது. 'நோரா கிரான்ட்' என்ற இளஞ்சிவப்பு வகைக்கு இலையும் கொத்தும் பெரிது, 5 அடி வாக்கில் நிற்கும். 'மாவி' அதைவிட அடக்கம். விரல் நீளத்துக்கும் குறைந்த இலையோடு வரும் குட்டை வெட்சி 2 முதல் 3 அடியோடு நின்றுவிடும். பந்து மாதிரி கறாரான வடிவம் வேண்டுமென்றால் குட்டை வகை மட்டும்தான் ஒத்துவரும். வாசனையுள்ள வெள்ளை வெட்சி ஒன்று இருக்கிறது. அழகான செடிதான், ஆனால் 10 அடிக்கு மேல் போகும், ஓரத்தில் உயர்ந்த திரையாக நிறுத்தலாமே தவிர உருண்டைக்கு இழுக்க வேண்டாம்.

செடி வாங்கும்போது பூவைப் பார்த்து மயங்காமல் தூரைப் பாருங்கள். மண் மட்டத்திலிருந்து நாலு விரல் உயரத்துக்குள் மூன்று நான்கு தண்டுகளாவது பிரிந்திருக்க வேண்டும். ஒற்றைத் தண்டாக ஓரடி ஏறி அதன்பிறகு கிளைத்த செடி, குடை மாதிரிதான் வளரும். கொழுந்து செம்பு கலந்த நிறத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம், வெட்சிக்கு அது இயல்பு. முற்றிய இலையிலும் நரம்பு மட்டும் பச்சையாக, நடுப்பகுதி வெளிறி இருந்தால்தான் யோசிக்க வேண்டும். பையை லேசாக நெகிழ்த்திப் பார்க்க விட்டால் வேர்களையும் பாருங்கள். வெளிர் நிறத்தில் உறுதியாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, பிசுபிசுத்து, புளித்த வாடை வந்தால் அந்தச் செடி வேண்டாம்.

இடம்

நாளுக்கு 6 மணி நேர நேர்வெயில் கிடைத்தால் இலை நெருங்கி, பூ விடாமல் வரும். 4 மணி நேரம் வரை சமாளிக்கும். அதற்கும் குறைந்தால் செடி சாகாது, ஆனால் கணுக்களின் இடைவெளி நீண்டு, கிளைகள் வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்து, உருண்டை கலைந்துவிடும். நிழலில் நிற்கும் வெட்சியைக் கத்தரியால் அடர்த்தியாக்க முடியாது.

சுவரிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி நடுங்கள். இரண்டு காரணம். சுவரை ஒட்டிய பக்கத்தில் வெளிச்சம் போகாமல் அந்தப் பாதி மொட்டையாகும். அதைவிட முக்கியம், சிமென்டுப் பூச்சிலிருந்தும் நடைபாதைக் கலவையிலிருந்தும் மழை சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து அந்தச் சுவரடி மண்ணில்தான் சேர்க்கும். வரிசையாக நட்ட வெட்சியில் சுவரோரத்தில் உள்ளது மட்டும் வெளுத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

குளிர் இதற்கு ஆகாது. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்று இலை மங்கும். உறைபனி விழுந்தால் நுனிகள் கருகும். அப்படிப்பட்ட ஊரில் தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் வெயில் படும் ஜன்னலருகே உள்ளே எடுத்துவிடுவதுதான் வழி.

மண்: இங்கேதான் எல்லாம் முடிவாகிறது

வெட்சிக்கு அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். கார அமில நிலை (pH) 5 முதல் 6 வரை இருந்தால் மிகச் சிறப்பு, 6.5 வரை ஓட்டலாம். 7-ஐத் தாண்டினால் மண்ணில் இரும்பு எவ்வளவு இருந்தாலும் அது கரையாத வடிவத்தில் கிடக்கும், வேரால் எடுக்க முடியாது. கார அமில நிலை ஒரு புள்ளி ஏறினால் இரும்பின் கரைதிறன் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. 6-க்கும் 7-க்கும் நடுவே உள்ள தூரம் சின்னது என்று நினைத்துவிடக் கூடாது.

சோதனைக் கருவி கையில் இல்லையென்றால் இப்படிச் செய்யலாம். செடி வைக்கப்போகும் இடத்தில் அரை அடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உலர்த்தி, அதன்மேல் வினிகர் நாலைந்து துளி விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு தனியாகவே இருக்கிறது என்று அர்த்தம். நுரைக்கவில்லை என்றால் அமில மண் என்று முடிவுகட்ட முடியாது, ஆனால் திருத்தக்கூடிய மண் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நுரைக்காத மண்ணைக் கந்தகத்தால் கீழே இறக்கலாம். மணற்பாங்கான மண்ணில் ஒரு புள்ளி குறைக்கச் சதுர மீட்டருக்கு 50 கிராம் கந்தகத் தூள் போதும். களிமண்ணுக்கு 100 கிராம் வரை தேவைப்படும், அதை ஒரேயடியாகப் போடாமல் மூன்று மாத இடைவெளியில் இரண்டு தவணையாகப் போட வேண்டும். கந்தகம் நேரடியாக வேலை செய்வதில்லை. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக மாற்ற வேண்டும், அதற்கு ஈரமும் வெதுவெதுப்பும் வேண்டும், குறைந்தது ஆறேழு வாரம் ஆகும். ஆகவே நடுவதற்கு இரண்டு மாதம் முன்பே மண்ணில் கலந்து ஈரமாக வைத்திருப்பது நல்லது. போட்ட அடுத்த வாரமே மாற்றம் தெரியவில்லை என்று மறுபடி கொட்டினால் வேர் கருகும்.

நுரைக்கிற மண்ணில் இந்த வேலை வீண். அங்கே இருக்கும் சுண்ணாம்பு, உருவாகும் அமிலத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் மேட்டுப்பாத்திதான் சரி. ஓரடி உயரம், 3 அடி அகலம். சுண்ணாம்பில்லாத செம்மண் 3 பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு 2 பங்கு, நன்கு மட்கிய இலைமட்கு 1 பங்கு, கரடுமுரடான மணல் 1 பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், மூன்று முறையாவது நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். கடற்கரை மணல் சேர்க்கக் கூடாது, அதில் உப்போடு கிளிஞ்சல் தூளும் இருக்கும். மேட்டுப்பாத்தியின் கரையைச் சிமென்டுக் கல்லால் கட்டினால் எடுத்த முயற்சியெல்லாம் போச்சு. கருங்கல், மரப்பலகை, கலவையில்லாமல் அடுக்கிய செங்கல், இவற்றில் ஒன்று போதும்.

புதிதாகக் கட்டி முடித்த வீட்டில் இன்னொரு தொல்லை உண்டு. மேலே அரை அடி நல்ல மண் பரப்பியிருப்பார்கள், அதன் கீழே உடைந்த செங்கல், காரை, சிமென்டுக் கட்டிகள். குழி தோண்டும்போது இவை வந்தால் ஒன்றரை அடி ஆழத்துக்கு முழுக்க அள்ளி எறிந்துவிட்டு வேறு மண் நிரப்புங்கள்.

தண்ணீரும் கணக்கில் சேரும். ஆழ்துளைக் கிணற்று நீர் கெட்டிலிலும் வாளியிலும் வெள்ளைப் படிவு விட்டால், அந்த நீர் தினம் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைக் காரமாக்கிக்கொண்டிருக்கிறது. மழைநீரைச் சேமிக்க முடிந்தால் முதல் பங்கு வெட்சிக்குக் கொடுங்கள். முடியாவிட்டால் வருடம் ஒருமுறை சதுர மீட்டருக்கு 25 முதல் 30 கிராம் கந்தகம் மூடாக்குக்கு (மண்ணின்மேல் பரப்பும் காய்ந்த இலை, பட்டை) அடியில் தூவி வர வேண்டும்.

நடவு

குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் வேண்டாம். வேர்க்கட்டியின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு அகலம், வேர்க்கட்டியின் உயரத்தைவிட ஓர் அங்குலம் குறைந்த ஆழம். அடியில் இளகிய மண் போட்டால் செடி பிறகு இறங்கிவிடும், தூர் புதையும், அழுகல் வரும். வேர்க்கட்டியின் மேல்மட்டம் தரையைவிட ஓர் அங்குலம் உயரமாக இருக்கும்படி வையுங்கள்.

பையில் அதிக நாள் இருந்த செடியில் வேர்கள் வட்டமாகச் சுற்றியிருக்கும். கத்தியால் பக்கவாட்டில் மூன்று இடங்களில் மேலிருந்து கீழாக அரை அங்குல ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். கீறத் தயங்கி அப்படியே வைத்தால் இரண்டு வருடம் கழித்தும் வேர் அந்தப் பை அளவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், கோடையில் முதலில் வாடுவது அந்தச் செடிதான். சில செடிகள் இறுகிய களிமண் உருண்டையில் வரும். அதை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து வெளிப்புறக் களிமண்ணைக் கரைத்துவிட்டு நட வேண்டும். இல்லாவிட்டால் சுற்றியுள்ள இளகிய மண் நனைந்திருக்க, நடுக்கட்டி மட்டும் காய்ந்தே கிடக்கும்.

நடும் குழியில் ரசாயன உரம், சாம்பல், எலும்புத்தூள் எதுவும் வேண்டாம். தனிப்புதராக வைத்தால் நாட்டு வெட்சிக்கு 4 முதல் 5 அடி இடைவெளி, வேலியாக என்றால் இரண்டரை அடி, குட்டை வகைக்கு ஒன்றேகால் அடி.

முதல் நாள் 10 லிட்டர் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். இரண்டு வாரம் தினமும், அடுத்த ஒரு மாதம் ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு நான்கு மாதம் வரை வாரம் இருமுறை. மழை பெய்தால் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். வேர் பிடித்த செடிக்கு வாரம் ஓர் அங்குல மழைக்குச் சமமான நீர் போதும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது இன்னும் நல்ல பழக்கம்.

மூடாக்கு அவசியம். வெட்சியின் உறிஞ்சுவேர்கள் மேல்மண்ணிலேயே பரவும், வெயிலில் மண் கொதித்தால் முதலில் அடிபடுவது அவைதான். காய்ந்த இலை, மரப்பட்டைத் துண்டு, நார்க்கழிவு, ஏதாவது ஒன்றை 2 முதல் 3 அங்குலக் கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி மூன்று விரல் இடம் விடுங்கள். வேர் மேலோட்டமாக இருப்பதால் தூரைச் சுற்றி மண்வெட்டியால் கொத்திவிடும் வழக்கத்தை இந்தச் செடியிடம் காட்ட வேண்டாம். களையைக் கையால் பிடுங்கினால் போதும்.

உருண்டை எப்படி வருகிறது

ஒரு கிளையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைகள் எதிரெதிராக, இணை இணையாக நிற்கும். ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டு உறங்குகிறது. நுனி இருக்கும்வரை அது கீழ் மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனியைக் கிள்ளினால் அதற்கு அடுத்த இணையின் இரண்டு மொட்டுகளும் சேர்ந்தே விழிக்கும். ஒன்று இரண்டாகும், அடுத்த கிள்ளலில் நான்காகும், அதற்கடுத்து எட்டாகும். 4 தண்டுகளோடு வாங்கிய செடியை முதல் வருடத்தில் மூன்று முறை கிள்ளினால் 32 நுனிகள். அடர்த்திக்கு இதைவிட வேறு ரகசியம் கிடையாது.

ஆகவே முதல் வருடம் பூவுக்கு ஆசைப்படாமல், புதுத்தளிர் 6 அங்குலம் நீண்டதும் கடைசி இணையை நகத்தால் கிள்ளி எடுங்கள். தளிர் பச்சையாக, வளைத்தால் ஒடியும் பதத்தில் இருக்கும்போதே கிள்ள வேண்டும். அது தடித்துப் பழுப்பாகும்வரை காத்திருந்தால் கத்தரி வேண்டியிருக்கும், கிளைப்பதற்கும் நாளாகும்.

இரண்டாம் வருடத்திலிருந்து பூதான் கவாத்துக்கான நேரத்தைச் சொல்லும். வெட்சி பூப்பது கிளையின் நுனியில். கொத்தில் இதழ்கள் உதிர்ந்து வெறும் காம்புகள் நிற்கும்போது, அந்தக் கொத்தை அதற்குக் கீழுள்ள ஓர் இணை இலையோடு சேர்த்து வெட்டுங்கள். நீளமாக ஓடிய கிளையில் இரண்டு அல்லது மூன்று இணை கீழே இறங்கி, வெட்டு உருண்டையின் உள்ளே மறையும்படி வெட்டுங்கள். வாடிய கொத்தை நீக்குவதும் வடிவம் பிடிப்பதும் ஒரே வேலையாக முடிந்துவிடும். கொத்தை விட்டுவைத்தால் கரும்சிவப்புக் காய்கள் பிடிக்கும், செடியின் சத்து அங்கே போகும்.

நுனியில் பூக்கும் செடியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேலிக்கத்தரியால் மழித்தால் என்ன ஆகும்? மொட்டு உருவாகும் முன்பே நுனி போய்விடும். வெட்டிய நுனி மறுபடி தளிர்த்து, முற்றி, பூக்க இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். வேலிக்கத்தரி செய்யும் இன்னொரு கெடுதல் மெதுவாகத் தெரியும். எல்லா நுனியும் ஒரே மட்டத்தில் வெட்டப்படுவதால் எல்லாக் கிளைப்பும் வெளித்தோலில் மட்டும் நடக்கும். தோல் தடிக்கத் தடிக்க உள்ளே வெளிச்சம் போகாது. வெளிச்சமில்லாத இலையைச் செடி உதிர்த்துவிடும். வெளியே பச்சைப் பந்து, கையை நுழைத்தால் வெறும் சுள்ளி. பிறகு எப்போதாவது கொஞ்சம் ஆழமாக வெட்ட நேர்ந்தால் அந்தச் சுள்ளிதான் வெளியே தெரியும்.

இதைத் தவிர்க்க வருடம் இருமுறை உள்கவாத்து செய்ய வேண்டும். கைக்கத்தரியை எடுத்து, மிக நெருக்கமாக இருக்கும் இடத்தில் கையை 6 முதல் 8 அங்குலம் உள்ளே விட்டு, ஒரு கிளை பிரியும் கவட்டுக்குச் சற்று மேலே வெட்டி அந்தக் கிளையை முழுதாக உருவி எடுங்கள். ஏழெட்டுக் கிளைக்கு ஒன்று என்ற கணக்கில், உருண்டை முழுக்கப் பரவலாக. வேலை முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தால் அங்கங்கே உள்ளங்கை அகலத்துக்கு இருட்டுச் சன்னல்கள் தெரிய வேண்டும். ஒரு மாதத்தில் அவை மூடிக்கொள்ளும், அதற்குள் உள்ளே புதுத்துளிர் பிடித்திருக்கும்.

வடிவத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அடி அகலமாகவும் மேல் ஒடுங்கியும் இருக்க வேண்டும். பலரும் முழு உருண்டை என்று நினைத்து அடிப்பகுதியை உள்வாங்கி வெட்டுவார்கள். மேல்பகுதியின் நிழல் கீழே விழுந்து அடிக்கிளை ஒவ்வொன்றாகக் காயும், இரண்டே வருடத்தில் காளான் வடிவம் வந்துவிடும். தரையைத் தொடும் கிளைகளை விட்டுவிடுங்கள். கவிழ்த்த கிண்ணத்தின் வடிவம்தான் நிலைக்கும், பார்வைக்கு அதுவும் உருண்டைதான்.

பெரிய இலை வகைகளுக்கு வேலிக்கத்தரி எப்போதுமே வேண்டாம். பாதியாக அறுபட்ட இலைகளின் விளிம்பு பழுப்பாகி வாரக்கணக்கில் அசிங்கமாக நிற்கும். குட்டை வகையைக் கறாரான பந்தாக வைத்தே தீருவேன் என்பவர்கள் வருடம் நான்கு முறைக்கு மேல் போகாமல் மழிக்கலாம், பூ குறையும் என்பதை ஏற்றுக்கொண்டு. உள்கவாத்திலிருந்து அவர்களுக்கும் விலக்கில்லை.

பெரிய கவாத்தை வளர்ச்சி வேகமெடுக்கும் பருவத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடும் வறட்சியிலும் குளிர் தொடங்கும் முன்பும் வெட்டினால் வரும் தளிர் கருகும்.

மஞ்சள் இலையைப் படிப்பது

மஞ்சள் எந்த இலையில் தொடங்குகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

புதிய இலைகள் வெளிறி, நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சை வலையாகத் தெரிந்தால் இரும்புக் குறைபாடு. முற்றினால் இலை ஏறக்குறைய வெள்ளையாகி, விளிம்பு கருகி, நுனி செத்துப்போகும். மாங்கனீசுக் குறைபாடும் இப்படியே தொடங்கும், ஆனால் நரம்பையொட்டிய பச்சைப் பட்டை சற்று அகலமாக இருக்கும், பிறகு இடையிடையே பழுப்புப் பொட்டுகள் வரும். இரண்டுக்கும் அடிப்படை பெரும்பாலும் காரமண் என்பதால் பிரித்தறிய முடியாவிட்டாலும் குடிமுழுகாது.

பழைய இலைகள் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்) போதவில்லை. பழைய இலையின் விளிம்பு மஞ்சளாகி நடுவில் பச்சை ஆப்பு மாதிரி நின்றால் மெக்னீசியம். பழைய இலைகளில் ஒழுங்கில்லாத செம்பழுப்புப் புள்ளிகள் பரவினால் பலரும் பூஞ்சை என்று நினைத்து மருந்தடிப்பார்கள். வெட்சியில் அது பெரும்பாலும் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சேர்ந்து குறைவதன் அடையாளம், எவ்வளவு பூஞ்சைக்கொல்லி அடித்தாலும் போகாது. உட்புறத்தில் அவ்வப்போது ஒன்றிரண்டு பழைய இலை மஞ்சளாகி உதிர்வதற்கு வைத்தியம் தேவையில்லை. என்றும் பசுமையான செடியின் இலைக்கும் ஆயுள் உண்டு.

இரும்புதானா என்று உறுதிசெய்ய ஒரு சின்னச் சோதனை. ஒரு லிட்டர் மழைநீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரையுங்கள். கரைசல் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். துரு நிறத்துக்கு மாறியிருந்தால் இரும்பு கெட்டுவிட்டது, கொட்டிவிட்டு மறுபடி கரையுங்கள். மாலையில் ஒரே ஒரு கிளையின் வெளிறிய இலைகளில் மட்டும் தெளியுங்கள். ஏழு முதல் பத்து நாளில் துளி விழுந்த இடங்களில் பச்சைப் பொட்டுகள் தோன்றினால் ஐயமில்லை, இரும்புதான். பிறகு செடி முழுக்க, இலையின் அடியும் நனையும்படி, பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிக்கலாம். பூக்களில் பட்டால் கறை விழும், சிமென்டுத் தரையில் பட்டால் துருக்கறை லேசில் போகாது. பக்கத்துத் தரையில் ஒரு கோணியை விரித்துக்கொள்ளுங்கள்.

இலைத்தெளிப்பு தற்காலிகம்தான். அடுத்து வரும் தளிர் மறுபடி வெளிறியே வரும். அன்னபேதியை அப்படியே காரமண்ணில் போட்டால் சில நாளில் அதுவும் கரையாத இரும்பாகிவிடும். மண்ணில் ஊற்றுவதற்குக் கொடுக்கிணைப்பு இரும்பு (இரும்பு கரையாமல் போய்விடாதபடி பிடித்துவைத்திருக்கும் 'செலேட்' வகை) வேண்டும், அதிலும் வகை பார்க்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. வகை 6.5-க்கு மேல் கைவிட்டுவிடும். டி.டி.பி.ஏ. வகை 7.5 வரை தாங்கும். அதற்கும் மேல் ஈ.டி.டி.எச்.ஏ. மட்டும்தான். தண்ணீரில் கரைத்தால் ரத்தச் சிவப்பாக இருக்கும், அதை வைத்து அடையாளம் தெரிந்துகொள்ளலாம். வெயில் பட்டால் சிதைந்துவிடும் என்பதால் மாலையில், மூடாக்கை விலக்கி மண்ணில் ஊற்றி மறுபடி மூடிவிடுங்கள்.

கார அமில நிலை சரியாக இருந்தும் மஞ்சள் போகவில்லை என்றால் வேரைத் தோண்டிப் பாருங்கள். தண்ணீர் தேங்கி அழுகிய வேர், மணற்பாங்கில் நூற்புழு தாக்கி முடிச்சு விழுந்த வேர், மிகவும் குளிர்ந்த மண், மூன்றுமே இரும்பை எடுக்க விடாது. மண் ஈரமாக இருந்தும் இலை துவண்டால் அழுகல் என்றே வையுங்கள், இன்னும் தண்ணீர் ஊற்றிக் காரியத்தைக் கெடுக்காதீர்கள்.

காபித்தூள் கசடு மண்ணை அமிலமாக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வடித்தெடுத்த கசடில் அமிலம் அதிகம் மிஞ்சுவதில்லை. மட்க்கூளத்தில் சேர்க்கலாம், மருந்தாக எண்ண வேண்டாம். முட்டை ஓடும் அடுப்புச் சாம்பலும் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்யும். மற்ற செடிகளுக்குப் போடுவதை இதற்கும் பாசத்தில் போட்டுவிடாதீர்கள்.

உரம்

வளரும் பருவத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சதுர மீட்டருக்கு அம்மோனியம் சல்பேட் 25 கிராம், பொட்டாசியம் சல்பேட் 15 கிராம், வருடம் இருமுறை எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) 20 கிராம். அம்மோனியம் சல்பேட் தழைச்சத்தோடு மண்ணை அமிலப்பக்கமும் நகர்த்தும். கால்சியம் நைட்ரேட் எதிர்ப்பக்கம் நகர்த்தும். தூரிலிருந்து ஓரடி தள்ளி, இலைப்பரப்பின் விளிம்புவரை தூவி உடனே தண்ணீர் விடுங்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலை கொழுத்துப் பூ குறையும், பூச்சியும் தேடி வரும்.

பூச்சிகள்

இலையில் கரி பூசிய மாதிரி கருமை படிந்தால் அது நோயல்ல. மேலே எங்கோ செதில்பூச்சியோ மாவுப்பூச்சியோ அசுவினியோ சாற்றை உறிஞ்சி, தேன்போன்ற கழிவைச் சொட்டிக்கொண்டிருக்கிறது, அதன்மேல் பூஞ்சை வளர்கிறது. கருமையைத் துடைப்பதால் பயனில்லை. தண்டையும் இலையடியின் நடுநரம்பையும் பாருங்கள், பழுப்புச் செதில்கள் ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும்.

தாக்கம் அதிகமுள்ள கிளையை வெட்டி எறிந்துவிட்டு, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், 1 மி.லி. திரவச் சோப்பு கலந்து இலையடி நனையும்படி வாரம் ஒருமுறை மூன்று வாரம் தெளியுங்கள். எண்ணெயைச் சோப்போடு குழைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மிதக்கும் எண்ணெய் கடைசியாகத் தெளிக்கும் கிளையைச் சுட்டுவிடும். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும்போதும், கந்தகம் தெளித்து இரண்டு வாரத்துக்குள்ளும் எண்ணெய் கூடாது. எறும்பு ஏறிக்கொண்டே இருந்தால் பூச்சி திரும்ப வரும். தேனுக்காக எறும்பே அவற்றைக் காவல் காக்கிறது. முசுறு எறும்பு இலைகளைப் பின்னிக் கூடு கட்டியிருந்தால் அந்தக் கொத்தை மட்டும் அதிகாலையில் நீண்ட கத்தரியால் வெட்டி எடுங்கள்.

கெட்டுப்போன பழைய புதர்

கீழே மொட்டையாகிப்போன வெட்சியை மீட்க முடியும், முற்றிய தண்டிலிருந்தும் இது துளிர்க்கும். ஆனால் வெளிறிய செடியை வெட்டாதீர்கள். இலையில் சேமிப்பு இல்லாத செடிக்குத் துளிர்க்கத் தெம்பு இருக்காது, வெட்டிய குச்சி அப்படியே காய்ந்துவிடும். முதலில் மண்ணைத் திருத்தி, புது இலைகள் பச்சையாக வர ஆரம்பித்த பிறகு, தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை, அதிலும் மிகப் பழையவற்றை, தரையிலிருந்து ஓரடியில் வெட்டுங்கள். அவை துளிர்த்து 8 அங்குலம் வளர்ந்ததும் அடுத்த பங்கு. முழுவதும் முடிய ஒரு வருடம் பிடிக்கும், இடையில் செடி பார்க்கச் சகிக்காது. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒன்றரை அடியில் வெட்டுவதும் உண்டு. வேர் நன்றாக இருந்தால் பிழைக்கும், ஆனால் ஆபத்து அதிகம்.

குச்சியிலிருந்து கன்று

கவாத்தில் விழுவதை வீணாக்க வேண்டாம். பச்சை மாறிப் பழுப்பாகத் தொடங்கிய, பூ இல்லாத நுனிக்கிளைகளை 5 அங்குலத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மேலே ஓர் இணையை மட்டும் பாதியாக நறுக்கி வையுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே அடிவெட்டு இருக்க வேண்டும். ஐ.பி.ஏ. 3000 பி.பி.எம். வேர்த்தூண்டல் தூளில் தோய்த்து, நார்க்கழிவும் மணலும் சம பங்காகக் கலந்த ஊடகத்தில் இரண்டு அங்குலம் ஊன்றி, பாலித்தீன் பையால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். உள்ளே நீர்முத்துகள் இருக்கும்வரை தண்ணீர் வேண்டாம். வேர்விட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, புதுத்தளிர் இரண்டு இணை வந்ததும் பையில் முதலில் ஒரு ஓட்டை, நாலு நாள் கழித்து இன்னும் இரண்டு என்று திறந்து, இரண்டு வாரத்தில் முழுதாக எடுத்துவிடுங்கள். ஒரேயடியாகத் திறந்தால் அன்று மாலைக்குள் துவண்டுவிடும். தொட்டிக்கு மாற்றி, தளிர் 6 அங்குலம் ஆனதும் முதல் கிள்ளலைத் தொடங்கலாம்.